வேலாங்குளத்து ஊரணியின் இரண்டாவது குடம்

வேலாங்குளத்து ஊரணிக்கு இரண்டு காவல். கரைமேல் நிற்கிற அய்யனார் ஒருத்தர். அவர் கையில் இருக்கிற அரிவாள் சுதையில் செய்தது, யாரையும் வெட்டாது. இன்னொருத்தி மீனம்மாள், அவள் கையில் இருந்தது கருவேலங்கம்பு, அது வேலை செய்யும். அய்யனாருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் வைக்கிற அன்றைக்குப் பயந்தால் போதும். மீனம்மாளுக்குக் குடம் எடுக்கிற ஒவ்வொரு தடவையும் பயப்பட வேண்டும்.

ஊர் அப்படிப்பட்ட ஊர். பெரியபட்டினத்துக் கடலை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மாட்டுவண்டியில் வந்தால் வேலாங்குளம். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எங்கே கிணறு வெட்டினாலும் எட்டிப் பார்க்கும். வாளியில் வருகிற தண்ணீரைக் குழம்புக்கு ஊற்றினால் தனியாக உப்புப் போட வேண்டாம்; குடிக்கத்தான் ஆகாது. ஐப்பசி கார்த்திகையில் வானம் கொடுக்கிறது ஊரணியில் நிற்கும். அதை மறு ஐப்பசி வரைக்கும் வைத்துக் குடிக்க வேண்டும். வீட்டில் நெல் தீர்ந்தால் அடுத்த வீட்டில் கைமாற்று வாங்கலாம். ஊரணி தீர்ந்தால் யாரிடம் வாங்குவது?

அதனால்தான் காவல். முன்னே மீனம்மாளின் புருஷன் இருளாண்டி காவல் இருந்தார். நல்ல மனுஷன். கண்ணை மூடிக்கொண்டே காவல் காப்பார். காய்ச்சலில் அவர் நிரந்தரமாகக் கண்ணை மூடியபோது, வேறு ஆம்பிளை ஆளைப் போடலாம் என்று ஊர் கூடிப் பேசியது. மீனம்மாள் அந்தக் கூட்டத்துக்கே கம்போடு வந்தாள். "ஆள் பாருங்க, நான் வேண்டாங்கல. பாக்குற வரைக்கும் கரை சும்மா கெடக்க வேண்டாம்ல, நான் உக்காந்திருக்கேன்" என்றாள். அப்போது அவளுக்கு முப்பது வயது. பதினைந்து வருஷம் ஓடிப்போயிற்று. ஊர் இன்னும் ஆள் பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுடைய சட்டம் எல்லோருக்கும் தெரியும். செருப்பைக் கரைக்கு வெளியே கழற்ற வேண்டும். மறந்தவன் செருப்பு முள்ளுக்காட்டில் கிடக்கும். அதை எடுக்கப் போகிறவனுக்குத்தான் செருப்பின் அருமை தெரியும். குடத்தைச் சாம்பல் போட்டு வெளியே விளக்கிவிட்டு இறங்க வேண்டும். படியில் காலைக் கழுவக் கூடாது. சோப்பு என்ற சொல்லையே கரையில் சொல்லக் கூடாது. ஆடு மாடு கரை ஏறக் கூடாது, அது பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக் காளையானாலும் சரி.

"கம்பு பேசும்" என்பாள். அது மிரட்டல் இல்லை, தகவல்.

அந்தத் தண்ணீருக்கு அப்படி ஒரு பேர். செம்மண் கலங்கலாகத்தான் இருக்கும். குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை இரண்டு சுற்று உரைத்து வைத்தால், விடியும்போது மண்ணெல்லாம் அடியில் படுத்துக்கொள்ளும். மேலே இருப்பது கல்கண்டு. பெரியபட்டினத்துப் பணக்கார வீடுகளில் கல்யாணம் என்றால், சோறு ஆக்க இந்தத் தண்ணீரைத்தான் பீப்பாயில் ஏற்றிப் போவார்கள். சோறு மல்லிகைப் பூவாக உதிரும் என்று பேர்.

அந்த வழக்கத்துக்கும் மீனம்மாள்தான் மண் அள்ளிப் போட்டாள். பெரியபட்டினத்தில் உம்மு ஹபீபா என்று ஒரு பெரிய வீட்டம்மா. புருஷன் துபாயில், தென்னந்தோப்பும் வீடும் இவர் கையில். மூத்த மகள் கல்யாணத்துக்கு வண்டிக்காரர் மதாரை ஊரணிக்கு அனுப்பியிருந்தார். மதார் பீப்பாயை நிரப்பி மூடுகிற நேரம் மீனம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"மதாரு, இதுல முன்ன என்னத்த ஏத்துன?"

"சீமெண்ணெய்தான் அக்கா. நல்லாக் கழுவிட்டேன்."

"நீ கழுவுன. எண்ணெய் போகல."

சொல்லிவிட்டு அடைப்பைப் பிடுங்கினாள். ஒரு பீப்பாய்த் தண்ணீரும் பாதையில் ஓடிற்று. மதார் வேறு பீப்பாய் தேடி, மறுபடி வந்து போவதற்குள் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் இலைக்கு முன்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தக்காரர்கள் முன்னால் ஹபீபாவுக்கு முகம் இல்லாமல் போயிற்று. "இனிமே அந்த ஊர்த் தண்ணி எனக்கு ஹராம்" என்று சொன்னதாக ஊருக்குச் சேதி வந்தது. அதோடு வண்டி நின்றது.

மீனம்மாள் அதைக் கேட்டு, "போனாப் போகட்டும், தண்ணி மிச்சம்" என்றாள். அன்று சாயங்காலம் வண்டி வருகிற பாதையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது சின்னச்சாமிக்கு வருவோம். மீனம்மாளின் கூடப்பிறந்த தம்பி. செம்மறி ஆடு மேய்க்கிறவன். ஆட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பேசுவான். சம்சாரிகள் வயலுக்கு எரு வேண்டும் என்று அவனைக் கூப்பிடுவார்கள்; அவன் மந்தையை வயலில் அடைத்துக் கிடை போடுவான்; அவர்கள் சோறு போடுவார்கள். எண்பத்தொன்பதாம் வருஷக் கோடையில் யாருக்கும் வயலைப் பற்றி நினைக்கவே தெம்பில்லை. கிடைக்கு யாரும் கூப்பிடவில்லை. தம்பி மந்தையோடு அக்கா வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, எங்கனயாச்சும் எடம் காட்டு."

ஊரணிக்கு மேற்கே மேடான புறம்போக்கு ஒன்று உண்டு. வரத்துக்காடு என்பார்கள். அதில் பெய்கிற மழைதான் வாய்க்கால் வழியே இறங்கி ஊரணிக்கு வரும். புல் பூண்டு இல்லாத பொட்டல். மீனம்மாள் யோசித்தாள். எரு விழுந்தால் புல் முளைக்கும். புல் பிடித்தால் மண் அரித்து வராது. தம்பிக்கும் இடம் ஆச்சு, ஊரணிக்கும் நல்லது ஆச்சு.

"அங்கன போட்டுக்க. ஆனா ஒரு குளம்பு கரையில பட்டுச்சு..."

"கம்பு பேசும்" என்று முடித்தான் சின்னச்சாமி. சின்ன வயசிலிருந்தே அந்தக் கம்போடு அவனுக்குப் பழக்கம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கோடை முழுக்க, ஆவணி புரட்டாசி வரைக்கும் கிடை அங்கேதான். ஒரு குட்டிகூடக் கரையேறவில்லை. மழை வந்தது. வாய்க்கால் பாய்ந்தது. ஊரணி நிறைந்தது. மீனம்மாள் கரையில் கம்பை ஊன்றி நின்று, ஓர் ஆட்டைக்கூட உள்ளே வரவிடாமல் காவல் காத்தாள். கோடை முழுக்க ஆடுகள் போட்டது எல்லாம் அவளுக்கு முன்னாலேயே தண்ணீரோடு தண்ணீராக உள்ளே போயிற்று. வாசலில் காவலைப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான். ஆனால் அன்றைக்கு அது அவளுக்கும் தெரியாது, ஊரில் யாருக்கும் தெரியாது.

மாசியில் தண்ணீர் பச்சை கட்டியது.

பாசி புதுசு இல்லை. வழக்கமாக வருகிற பாசி கயிறு மாதிரி இருக்கும். கம்பால் சுற்றி எடுத்துக் கரையில் போட்டால் காய்ந்துவிடும். இது கையில் அகப்படவில்லை. கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றின மாதிரி தண்ணீர் மேலே மிதந்தது. விரலை விட்டால் விரலில் ஒட்டியது, பிடித்தால் நழுவியது. குடத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துப் பார்த்தார்கள். மண் அடங்கியது, பச்சை அடங்கவில்லை. சோற்றில் மழையில் நனைந்து மக்கின துணியின் வாடை. சில பிள்ளைகளுக்கு வயிறு ஓடிற்று. வெயில் காலத்து வயிறு, அப்படித்தான் ஓடும் என்றார்கள்.

"ஏத்தா மீனம்மா, என்னத்தா இது, ஊரணியா, கீரைக்கொல்லையா" என்று கேலி செய்தாள் பக்கத்து வீட்டு ராமலெட்சுமி.

"கீரைன்னா கடைஞ்சு தின்னு. காசு வேண்டாம்" என்றாள் மீனம்மாள். ஆனால் சிரிக்கவில்லை.

காற்று அடிக்கிற பக்கமாகப் பச்சை ஒதுங்கும். தன்னுடைய பழைய சேலையை இரண்டாக மடித்து, ஒரு முனையை ராமலெட்சுமி கையில் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, அந்த மூலையைக் காலையிலும் மாலையிலும் அரித்தாள். சேலையில் விழுந்த பச்சைக் குழம்பைக் கரைக்கு வெளியே இருந்த பள்ளத்தில் கொட்டினாள். கையெல்லாம் அரித்தது. தடித்துப் போன கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ஊரணியின் மானம் அவளுடைய மானம். அதில் தடிப்பு இருப்பதை ஏன் ஊருக்குக் காட்ட வேண்டும்?

பங்குனியில் ஒரு மத்தியானம், மேய்ச்சலிலிருந்து திரும்பிய சின்னச்சாமியின் மந்தை அந்தப் பள்ளத்துப் பக்கம் வந்தது. பெரிய ஆடுகள் முகர்ந்துவிட்டு விலகின. குட்டிகளுக்கு அவ்வளவு விவரம் கிடையாது. தாகம், தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று, போதும். குனிந்து குடித்தன.

மறுநாள் வெயில் ஏறுகிற நேரம் எட்டுக் குட்டிகள் காலை உதைத்துக்கொண்டு கிடந்தன. மதியத்துக்குள் எட்டும் போயின. சின்னச்சாமி ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் தங்கசாமி வந்து பார்த்தார். "எவனோ மருந்து வச்சிருக்கான்" என்றார். எவனோ என்றதும் ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடிக்காத ஆளை நினைத்துக்கொண்டார்கள். நல்லவேளை, அதற்குள் மாட்டு டாக்டர் சுஐபு மொபெட்டில் வந்து சேர்ந்தார். சின்ன வயசு. மொபெட்டைவிட மெலிந்தவர்.

செத்த குட்டியின் வாயைப் பிளந்து பார்த்தார். உதடெல்லாம் பச்சை. வயிற்றைக் கீறினார். ஈரல் கறுத்து, ரத்தம் கட்டி வீங்கியிருந்தது. எழுந்து பள்ளத்தைப் பார்த்தார். கரையேறப் போனவர் செருப்போடு இரண்டு எட்டு வைத்துவிட்டு மீனம்மாள் முகத்தைப் பார்த்தார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். ஊரணியைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"யாரும் மருந்து வைக்கல. இந்தப் பாசிதான் மருந்து. இதுல ஒரு சாதி உண்டு, தனக்குள்ளயே விஷத்த வச்சிருக்கும். புத்தகத்துல படிச்சிருக்கேன், கண்ணால இப்பத்தான் பாக்கேன்."

"அப்ப நாங்க இத்தன நாளு குடிச்சது?" என்றார் தங்கசாமி.

"குட்டிக குடிச்சது வழிச்சுக் கொட்டுன கெட்டிக் குழம்பு. நீங்க குடிக்கிறது தண்ணி கலந்தது. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

"கொதிக்க வச்சுக்கிருவோம்."

"கொதிச்சா கிருமி சாகும், இந்த விஷம் சாகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாகும்."

"அப்ப ரெண்டு மூடை மயில்துத்தம் வாங்கிக் கொட்டுவோம். பாசி செத்துரும்ல."

"செத்துரும். உள்ள இருக்கிற விஷத்த அம்புட்டையும் தண்ணில கக்கிட்டுச் சாகும்." டாக்டர் கைகளைத் துடைத்துக்கொண்டார். "நான் ஆடு மாட்டுக்குத்தான் டாக்டர். மனுசங்களுக்குச் சொல்ல நான் ஆள் இல்ல. பெரிய டாக்டருகளுக்கும் ராமநாதபுரத்துக்கும் இன்னைக்கே எழுதிப் போடுறேன். தண்ணி லாரி வர ஒரு வாரமாவது ஆகும். ஆனா ஒண்ணு சொல்றேன். இந்தத் தண்ணிய எங்க வீட்டுப் பானையில நான் ஊத்தமாட்டேன்."

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "கிடை எங்க போட்டிருந்தீங்க?"

சின்னச்சாமி கையைக் காட்டினான். டாக்டர் வரத்துக்காட்டில் நடந்து போய்க் காலால் மண்ணைக் கிளறினார். மேல் மண்ணுக்கடியில் புழுக்கை ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பாகக் கிடந்தது. அங்கிருந்து வாய்க்காலைப் பார்த்தார், வாய்க்காலிலிருந்து ஊரணியைப் பார்த்தார். பயிருக்குப் போடுகிற எரு பாசிக்கும் எருதான் என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லாமல் போயிற்று. அந்த ஊரில் எருவைப் பற்றித் தெரியாதவர்கள் யார்?

"எடம் குடுத்தது நாந்தேன்" என்றாள் மீனம்மாள்.

"கேட்டு வந்தது நான். அவ மேல பேச்சு வரக்கூடாது" என்றான் சின்னச்சாமி. மத்தியானத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு.

"நீ சும்மா இருலே. ஊரணிக்குக் காவல் நீயா நானா?"

"ஆடு ஒன்னோடதா என்னோடதா?"

சொத்துக்கு அடித்துக்கொள்கிற அக்கா தம்பியை ஊர் பார்த்திருக்கிறது. பழிக்கு அடித்துக்கொள்கிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தது. திட்டலாம் என்று வந்தவர்களுக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அந்த எட்டுக் குட்டிகள் குடித்திராவிட்டால் சித்திரையில் தண்ணீர் வற்றி, அதே கெட்டிக் குழம்பைத் தங்கள் பிள்ளைகள் குடித்திருக்கும் என்பது ஒவ்வொருவருக்காக உறைக்க ஆரம்பித்தது. ராமலெட்சுமி தன் இடுப்பிலிருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டு, செத்துக்கிடந்த குட்டியின் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள்.

மீனம்மாள் முள்ளு வெட்டி வந்தாள். ஊரணிப் படியின் வாயை முள்ளால் அடைத்தாள். பதினைந்து வருஷமாகத் தண்ணீரை ஆட்களிடமிருந்து காத்தவள், அன்றைக்கு ஆட்களைத் தண்ணீரிடமிருந்து காக்க உட்கார்ந்தாள்.

ஆனால் முள் எத்தனை பொழுதுக்கு நிற்கும்? வீட்டில் பானை காலியானால், தாகத்தில் அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு எவளும் டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டிருக்கமாட்டாள். நாளைச் சாயங்காலத்துக்குள் வேறு தண்ணீர் வரவேண்டும். வராவிட்டால் முள்ளைத் தள்ளிவிட்டு இறங்கிவிடுவார்கள். மீனம்மாளும் அவர்களை அடிக்கமாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

"பெரியபட்டினத்துல உம்மு ஹபீபா தோப்புல மணல் ஊத்து இருக்கு. கடலுக்குப் பக்கத்துலதான், ஆனா இனிப்பா இருக்கும்" என்று டாக்டர் போகும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாவம், அவருக்குப் பீப்பாய்க் கதை தெரியாது.

மறுநாள் காலையில் மீனம்மாள் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியபட்டினத்துக்கு நடந்தாள். கம்பை எடுத்துப் போகவில்லை. கம்பு இல்லாமல் அவள் நடந்து போனதைப் பார்த்தவர்கள், சாமியார் தாடியை எடுத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது என்றார்கள்.

ஹபீபா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மதார் பறித்துப் போட்ட தேங்காயை எண்ணிக்கொண்டிருந்தார். மீனம்மாளைப் பார்த்ததும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"யாரு, வேலாங்குளத்துக் காவக்காரியா. எங்க ஊருலயும் எதையாச்சும் கொட்டிவிட வந்தியோ?"

"தண்ணி வேணும் லாத்தா." மீனம்மாள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். தம்பிக்கு இடம் கொடுத்ததையும் விடவில்லை.

ஹபீபா கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டு முடித்துவிட்டு மதார் பக்கம் திரும்பினார்.

"மதாரு. அந்தக் குடத்த வாங்கி மோந்து பாரு. சீமெண்ணெ வாசம் வருதான்னு."

மதார் குடத்துக்குள் முகத்தையே விட்டுப் பார்த்தார். இரண்டு வருஷமாக அந்த வாய்ப்புக்குத்தான் காத்திருந்தவர் மாதிரி ரொம்ப நேரம் மோந்தார்.

"வரலம்மா."

"நல்லாப் பாத்தியா? நீ கழுவுன பீப்பாயிலயே ஒனக்கு வாசம் தெரியல."

மதார் முகம் தொங்கியது. மீனம்மாள் தலை குனிந்து நின்றாள். பேசட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும், கடைசியில் தண்ணீரைக் கொடுத்தால் போதும் என்று நின்றாள்.

ஹபீபா நாற்காலியிலிருந்து எழுந்தார். "உள்ள வா மீனம்மா. வெயில்ல நிக்காத. ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும், ரெண்டு வருசமாச் சொல்லல. கல்யாணம் முடிஞ்ச பெறகு அந்தப் பீப்பாய நானே தெறந்து பாத்தேன். நாலு பக்கமும் நாத்தம். அதுல ஆக்கியிருந்தா வந்த சனம் பூராவும் வாந்தியெடுத்திருக்கும், என் மக புகுந்த வீட்டுல தலையெடுத்திருக்க முடியாது. நீ எனக்கு நல்லதுதான் செஞ்சே. ஆனா எல்லாருக்கும் முன்னால ஹராம்னு சொல்லிட்டனே, எப்பிடி ஆள் விட்டுச் சொல்ல? வீம்பு."

"எனக்கும் வண்டி வராதது..." என்று இழுத்தாள் மீனம்மாள்.

"தண்ணி கேட்டு வந்தவளத் திருப்பி அனுப்புனா மறுமையில அல்லாட்ட நான் என்ன பதில் சொல்ல. மதாரு, வண்டியப் பூட்டு. பீப்பாய..."

"நாங் கழுவுறேன்" என்றாள் மீனம்மாள். மதாருக்கு உயிர் வந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் மதாரின் வண்டி வேலாங்குளத்துக்குள் நுழைந்தது. முள் போட்டபடியே இருந்தது. முள்ளுக்கு முன்னால், அக்கா விட்டுப்போன கம்பை மடியில் வைத்துக்கொண்டு சின்னச்சாமி உட்கார்ந்திருந்தான்.

பங்குனியிலிருந்து ஐப்பசி வரைக்கும் ஊர் அந்த மணல் ஊற்றைத்தான் குடித்தது. லாரியும் வந்தது, வராத நாளில் வண்டி வந்தது. ஊற்று என்றால் பெரிய கிணறு இல்லை. தென்னை மரங்களுக்கு நடுவே மணலில் தோண்டிய குழி. தேங்காய்ச் சிரட்டையால் கோரக் கோர ஊறும். அவசரப்பட்டால் கலங்கும், ஆழத் தோண்டினால் உப்பு வந்துவிடும். பொறுமையாக இருக்கிறவர்களுக்கு மட்டும் இனிக்கிற தண்ணீர். வேலாங்குளத்துப் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு வண்டியில் வந்து, சுற்றி உட்கார்ந்து கோருவார்கள். ஹபீபா வீட்டிலிருந்து அவர்களுக்குத் தேத்தண்ணி வரும்.

இரண்டாம் வாரமே மீனம்மாள் கம்போடு வர ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாள் ஹபீபா தோப்பைப் பார்க்க வந்தவர், ஊற்றுப் பக்கம் செருப்போடு வந்தார்.

"லாத்தா, செருப்ப அங்கன போட்டுட்டு வாங்க."

"ஏ, இது என் தோப்பு."

"தோப்பு ஒங்க தோப்பு. தண்ணி குடிக்கிற தண்ணி."

ஹபீபா குனிந்து செருப்பைக் கழற்றினார். "துபாய்ல இருக்கிற ஆளுட்ட சொல்லணும், தோப்பு கைவிட்டுப் போச்சுன்னு" என்று முணுமுணுத்துக்கொண்டே வெறுங்காலோடு வந்து உட்கார்ந்து, தானும் இரண்டு சிரட்டை கோரினார்.

ஊரணி வற்றியது. அடியில் பச்சையும் சேறுமாகப் படிந்து காய்ந்ததை வீட்டுக்கு ஓர் ஆள் வந்து சுரண்டி, வண்டியில் ஏற்றி, கீழ்வயலுக்குக் கொண்டுபோனார்கள். வரத்துக்காட்டில் இருந்த புழுக்கை மண்ணையும் ஒன்று விடாமல் சுரண்டினார்கள். சின்னச்சாமி தன் கிடையை ஊரணிக்குக் கிழக்கே, தண்ணீர் திரும்பிப் பார்க்க முடியாத தாழ்வுக்கு மாற்றினான். அவனுக்குச் சோறு போட ஊரே கூப்பிட்டது. வயலில் பயிர் இல்லாதவர்களும் கூப்பிட்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மீனம்மாள் அந்த வருஷம் கரையில் நிற்கவில்லை. கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரத்துக்காட்டு மேட்டில் நின்றாள். வாய்க்காலோடு கூடவே நடந்து வந்து, தண்ணீர் எதைத் தொட்டுக்கொண்டு வருகிறது என்று பார்த்தாள். வந்தது செம்மண் கலங்கல். எந்தப் பச்சையும் இல்லாத, அழுக்குச் சிவப்பான, அழகான கலங்கல். காவலின் எல்லை அன்றிலிருந்து மேடு வரைக்கும் போயிற்று. வேலை இரண்டு மடங்கு. கம்பு ஒன்றுதான்.

தண்ணீர் அடங்கியபின் டாக்டர் சுஐபு வந்து பார்த்தார். சீசாவில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். குடிக்கலாம் என்று தகவல் வந்தது. புதுத் தண்ணீர் எடுக்கிற அன்று ஊரே கரையில் கூடியது. கூடியதே தவிர, இறங்க எல்லோருக்கும் கொஞ்சம் தயக்கம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எவ்வளவு சுரண்டினாலும் மனசில் படிந்த பாசியைச் சுரண்ட முடிகிறதா?

பெரியபட்டினத்துப் பாதையில் வண்டிச் சத்தம் கேட்டது. மதார் வந்தார். பீப்பாய் புதுசு. யாரும் சொல்லாமலே அதைச் சாம்பல் போட்டு விளக்க ஆரம்பித்தார்.

"என்ன மதாரு, எங்க கெளம்பி வந்த?"

"ரெண்டாவது பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் அக்கா. வேலாங்குளத்துத் தண்ணிலதான் சோறு ஆக்கணுமாம். மாப்பிள்ள வீட்டுக்கு அம்மா இப்பமே சொல்லி விட்டுட்டாக, சோறு வர முன்னப்பின்ன ஆகும், காவக்காரி பீப்பாயக் கவுத்தாலும் கவுப்பான்னு."

அதைக் கேட்டதும் ஊர் சிரித்தது. சிரித்த வாயோடு ஒவ்வொருவராகக் குடத்தை எடுத்தார்கள். பெரியபட்டினத்துக் கல்யாணத்துக்கு ஆகிற தண்ணீர் தங்களுக்கு ஆகாதா?

மீனம்மாள் முதல் ஆளாக இறங்கினாள். கையால் அள்ளிக் குடித்தாள். மறுபடியும் குடித்தாள். முதல் குடத்தை அய்யனார் பாதத்தில் ஊற்றினாள். அது வழக்கம். இரண்டாவது குடம் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போகும், அதுவும் வழக்கம். தங்கசாமி தன் வீட்டுப் பித்தளைத் தவலையோடு முன்னால் வந்து நின்றார்.

மீனம்மாள் இரண்டாவது குடத்தைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து போனாள். கரையைத் தாண்டினாள். கிழக்குத் தாழ்வில் நின்ற மந்தைக்கு நேரே போய், கல்தொட்டியில் ஊற்றினாள்.

"என்னக்கா, குட்டிக்குப் பரிச்ச வைக்கியா?" என்றான் சின்னச்சாமி.

"பரிச்சய நான் குடிச்சே முடிச்சுட்டேன். இது அவுகளுக்குச் சேர வேண்டியது."

தங்கசாமி தவலையை வைத்துக்கொண்டு நின்றார். கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு தானும் ஒரு குடம் மொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்தொட்டிக்கு நடந்தார்.

அன்றிலிருந்து வேலாங்குளத்தில் புதுத் தண்ணீரின் இரண்டாவது குடம் ஆட்டுக்குட்டிக்குத்தான். ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், கேட்டவனுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, குடித்து முடித்தபின் சொல்வார்கள்.

கல்தொட்டியில் தண்ணீர் தளும்பியதைக் கண்டு குட்டிகள் முண்டிக்கொண்டு வந்தன. அந்த வருஷம் பிறந்த ஒன்று, விவரம் போதாமல், மீனம்மாள் கீழே வைத்திருந்த குடத்துக்குள்ளேயே முன்னங்காலை விட்டது. ஊரணிக் குடத்தில் ஆட்டின் குளம்பு. கரையில் நின்ற அத்தனை பேரும் அவள் கக்கத்தில் இடுக்கியிருந்த கம்பைப் பார்த்தார்கள்.

கம்பு பேசவில்லை. மீனம்மாள் குனிந்து, குட்டியின் காலை மெதுவாக வெளியே எடுத்துவிட்டு, ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். அப்புறம் குடத்தைச் சாம்பல் போட்டு விளக்கப் போனாள், மதாருக்குப் பக்கத்தில்.